தூக்கின ஜீப்பில் கணக்கு உதைக்குது!

கல்யாணத்துக்கு முன்னால் பைக், கல்யாணத்துக்குப் பின்னால் கார் என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஆபீஸ் போகும் இளைஞர்கள் பலருக்கு ஜீப் ஜுரம்! பழைய வில்லிஸ் வம்சத்து ஜீப், எம்.எம். 540, ஜிப்ஸி, தார், ஜிம்னி... கையில் இருக்கும் காசுக்கும் பேங்க் கொடுக்கும் கடனுக்கும் தகுந்த மாதிரி ஏதோ ஒன்று. வாங்கி மூன்று மாதம் ஆனதும் இரண்டாம் கட்ட ஜுரம் ஆரம்பிக்கிறது. வண்டியைத் தூக்க வேண்டும்!

தூக்குவது என்றதும் போலீஸில் புகார் எழுத ஓடாதீர்கள். சொந்த வண்டியைத்தான். சஸ்பென்ஷனில் கை வைத்து, வண்டியின் உடம்பை இரண்டு அங்குலமோ நாலு அங்குலமோ உயர்த்தி, பெரிய டயர் மாட்டுவது. வாரத்தில் ஆறு நாள் மேனேஜர் முன்னால் தாழ்ந்து தாழ்ந்து போகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையாவது நாலு அங்குலம் உயரமாக உட்கார ஆசைப்படுவது நியாயம்தானே!

தூக்கிய வண்டியை ஓட்டிப் பார்க்க மணல் வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பழவேற்காடு. மீஞ்சூர், பொன்னேரி வழியாக சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், ஏரியில் பூநாரைகள், வறுத்த நண்டு, பாலத்தைத் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம், அதற்கப்புறம் கடற்கரை மணல். காலையில் கம்பீரமாகப் புறப்படும் ஜீப், சாயங்காலம் திரும்பும்போது ஒரு நடுக்கத்தோடு திரும்புகிறது. திங்கட்கிழமை மெக்கானிக் ஷெட்டில் நடக்கிற வழக்கமான பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, 70-ல போனா வண்டி நடுங்குதுண்ணே."

"வீல் பேலன்ஸ் பாத்தியா தம்பி?"

"ரெண்டு தடவை பாத்தாச்சுண்ணே. டயரும் புதுசு."

"வண்டியத் தூக்கினியா?"

"ஆமா... ரெண்டே ரெண்டு இன்ச்தாண்ணே."

"தூக்கினதுக்கப்புறம் ஜாயின்ட் ராடு கோணம் பாத்தியா?"

"அப்படின்னா?"

அந்த 'அப்படின்னா?'வுக்கு பதில்தான் இந்தக் கட்டுரை. பயப்படாதீர்கள். எழுதுகிறவன் பி.காம். கூட்டல், கழித்தலைத் தாண்டிப் போக மாட்டேன்!

நடுவில் ஒரு தரகர்

ஜீப்பின் அடியில் குனிந்து பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், அதன் பின்னால் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்றும் சேஸில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அவை அசையாது. ஆனால் பின்பக்க ஆக்ஸில் அப்படி இல்லை. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், பட்டை வளைந்து கொடுக்கும்போதெல்லாம் மேலும் கீழும் போய் வரும்.

அசையாத ஆசாமிக்கும் அசைந்துகொண்டே இருக்கும் ஆசாமிக்கும் நடுவில் தரகு வேலை பார்ப்பது அந்த உருண்டைக் குழாய். கம்பெனிக்காரர்கள் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பார்கள். ஷெட்டில் ஜாயின்ட் ராடு. அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு. அதுதான் கிராஸ். நாலு கையிலும் நாலு தொப்பி, ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஊசி ஊசியாக பேரிங். ராடு வளைந்த கோணத்தில் சுற்ற முடிவது இந்த கிராஸின் புண்ணியத்தால்தான். ராடின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் சுருங்கவும் செய்கிற பல் வெட்டிய பாகம் உண்டு. அதற்கு ஸ்லிப் என்று பெயர்.

இந்த கிராஸ் ஜாயின்ட்டுக்கு வயசு அதிகம். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணக்கு மேதை கார்டானோ பேரால் கார்டன் ஜாயின்ட் என்றும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பேரால் ஹூக் ஜாயின்ட் என்றும் அழைக்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டி துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் ஹூக் இதை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் கண்ட ஒரு குறைதான் இன்றைக்கு நம்ம தம்பியின் ஜீப்பை நடுங்க வைக்கிறது.

டெபிட் ஒரு முனை, கிரெடிட் மறுமுனை

குறை இதுதான். கிராஸ் நேராக இருந்தால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்று. கோணத்தில் வளைந்துவிட்டால், உள்ளே சீராக வரும் சுற்று வெளியே சீராகப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும்.

எவ்வளவு? 10 டிகிரி கோணத்தில் சுமார் ஒன்றரை சதவிகிதம் கூடக் குறைய. 20 டிகிரியில் 6 சதவிகிதம். 30 டிகிரியில் ஏறக்குறைய 15 சதவிகிதம். கவனித்தீர்களா? கோணம் இரண்டு மடங்கானால் ஆட்டம் நாலு மடங்கு. கந்துவட்டி மாதிரி!

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ஜீப்பில் ராடு நிமிஷத்துக்கு சுமார் 2,000 சுற்று சுற்றும். அப்படியானால் இந்த முந்தலும் பிந்தலும் நிமிஷத்துக்கு 4,000 தடவை. சீட்டுக்கு அடியில் ஒருத்தர் உட்கார்ந்து நிமிஷத்துக்கு 4,000 தடவை சுத்தியலால் தட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த நடுக்கம்.

அப்படியானால் தூக்காத ஜீப் ஏன் நடுங்கவில்லை? அங்கேதான் நம்ம பாடம் வருகிறது. டபுள் என்ட்ரி சிஸ்டம்! ஒரு முனையிலிருக்கும் கிராஸ் எவ்வளவு முந்துகிறதோ, மறுமுனையிலிருக்கும் கிராஸ் அதே நேரத்தில் அவ்வளவு பிந்துகிறது. இங்கே டெபிட், அங்கே கிரெடிட். கடைசியில் ஆக்ஸிலுக்குப் போய்ச் சேரும் சுற்று சீராக இருக்கும். கணக்கு டேலி!

ஆனால் டேலி ஆக இரண்டு நிபந்தனை. ஒன்று, இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்பது பொதுவான விதி. இரண்டு, ராடின் இரண்டு முனையில் இருக்கும் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கிரீஸ் போட ஸ்லிப்பை உருவிவிட்டுத் திரும்பச் சொருகும்போது ஒரு பல் தள்ளிச் சொருகினால் போச்சு. அதனால்தான் கழற்றுவதற்கு முன்னால் விவரமான மெக்கானிக் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்.

இன்னொரு விஷயம். டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கோணம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்ஸிலுக்குப் போகும் சுற்றுதான் சீராகிறது. நடுவில் இருக்கிற ராடு முந்தியும் பிந்தியும்தான் சுற்றுகிறது. கம்பெனி பாலன்ஸ் ஷீட் டேலி ஆகியிருக்கும், உள்ளே பார்த்தால் கழுத்துவரை கடன் இருக்கும் இல்லையா, அது மாதிரி. அதற்காகக் கோணம் பூஜ்யமாக இருந்தாலும் நல்லதில்லை. ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்தி, அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். அரை டிகிரியாவது, ஒரு டிகிரியாவது கோணம் வேண்டும்.

தூக்கினதும் என்ன ஆகிறது?

சேஸ் மேலே போகிறது. அதோடு டிரான்ஸ்ஃபர் கேஸும் மேலே போகிறது. ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் தரகர் செங்குத்தாகச் சாய்கிறார்.

ராடு 48 அங்குல நீளம் என்றால், 2 அங்குலம் தூக்கும்போது கோணம் சுமார் இரண்டரை டிகிரி கூடும். பெரிய பாதிப்பில்லை. ஆனால் பழைய சி.ஜே. 3 பி ஜீப்பில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருப்பதே 80 அங்குலம். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் போக, பின்பக்க ராடுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 24 அங்குல ராடு என்று வைத்துக்கொண்டால், அதே 2 அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 டிகிரி கூடிவிடும். 4 அங்குலம் தூக்கினால் 9 டிகிரிக்கு மேல். குட்டை ஜீப்பைத் தூக்குகிறவர் இரட்டை வட்டி கட்டுகிறார்!

எப்படித் தூக்குகிறார்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பட்டையைக் கூட்டியோ வளைவு அதிகமான பட்டை போட்டோ தூக்கினால், ஆக்ஸில் பெரும்பாலும் நேராகவே நிற்கும். இரண்டு முனையிலும் கோணம் ஒரே அளவு கூடும். டேலி கெடாது, கடன்தான் ஏறும். ஆனால் பட்டையின் பின்முனையைத் தாங்குகிற ஷாக்கிள் இருக்கிறதே, அதை நீளமாக்கித் தூக்குவது மலிவான வழி. அதில் பட்டையே சாய்ந்து ஆக்ஸில் லேசாகத் திரும்பி, பினியன் மூக்கு மேலே பார்க்க ஆரம்பிக்கும். அப்போது பின்முனைக் கோணம் குறைந்து முன்முனைக் கோணம் கூடுகிறது.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போமா?

தூக்குவதற்கு முன்: டிரான்ஸ்ஃபர் கேஸ் சாய்வு 3 டிகிரி, ராடு சாய்வு 8, பினியன் சாய்வு 3. முன்முனை 8 கழித்தல் 3, அதாவது 5. பின்முனையும் 5. டேலி.

பட்டை போட்டு 2 அங்குலம் தூக்கிய பின்: 3, 13, 3. முன்முனை 10, பின்முனை 10. டேலிதான், ஆனால் கோணம் இரண்டு மடங்கு.

நீள ஷாக்கிள் போட்டுத் தூக்கிய பின்: 3, 13, 6. முன்முனை 10, பின்முனை 7. உதைக்குது!

'மூணு டிகிரிதானே சார் வித்தியாசம்' என்று கேட்பீர்கள். இந்தக் கழித்தல் நேர்க் கழித்தல் இல்லை. 10-ஐ 10-ஆல் பெருக்கினால் 100. 7-ஐ 7-ஆல் பெருக்கினால் 49. மீதி 51. அதன் வர்க்கமூலம் 7-க்கு மேல். அதாவது, சரிக்கட்ட ஆளே இல்லாமல் ஒற்றை கிராஸ் 7 டிகிரியில் சுற்றுகிற மாதிரி ஆட்டம் கிடைக்கும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம், சீட்டில் பெரிய குலுக்கல்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் செய்கிற இன்னொரு காரியம் உண்டு. அங்கே பினியன் மூக்கை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். அந்த வண்டிகளில் முன்முனையில் இரட்டை கிராஸ் ஜாயின்ட் இருக்கும். அந்த ஒரு ஜாயின்ட்டே தன் டெபிட், கிரெடிட்டைத் தனக்குள் முடித்துக்கொள்ளும். பின்முனைக்குக் கோணமே வேண்டாம். நம் வண்டியில் இருப்பது ஒற்றை கிராஸ். அதற்குப் போய் மூக்கைத் திருப்பினால், டெபிட் மட்டும் எழுதிவிட்டு கிரெடிட் பக்கத்தைக் கிழித்துப் போட்ட கதைதான்.

தினமும் தூக்குகிறவர்கள்

மணலில் ஜீப்பை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஏரிப் பக்கம் திரும்புங்கள். அங்கே தூக்குவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் நமக்கு. பரப்பில் பிரமாண்டம், ஆழத்தில் ஏழை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வழி குறுகுவது இந்தக் குப்பங்களின் நெடுநாள் வேதனை. இப்படிப்பட்ட தண்ணீரில் படகுக்கு அடியில் ப்ரொப்பல்லர் விசிறி நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் தரை தட்டும், வலையில் சிக்கும். ஆழம் குறையும்போது தூக்க வேண்டும், ஆழம் வந்ததும் இறக்க வேண்டும். ஜீப்காரர் ஆயுசில் ஒரு தடவை செய்கிற காரியத்தை இவர்கள் ஒரு நாளில் பல தடவை செய்ய வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து கிராஸ், ஸ்லிப் எல்லாம் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

தமிழ்நாட்டுக் கரையில் ஃபைபர் படகுகளில் இருக்கிற லாங் டெயில் இன்ஜினைப் பாருங்கள். தாய்லாந்துக் கால்வாய்களில் பிரபலமான அதே குடும்பம். சின்ன டீசல் இன்ஜின் ஒரு அச்சின் மேல் தராசு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமாக ஒரே நேர் ஷாஃப்ட், நுனியில் விசிறி. கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலே வரும். விட்டால் தண்ணீருக்குள் இறங்கும். நடுவில் கிராஸ் கிடையாது! இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே சாய்வதால் இரண்டுக்கும் நடுவே கோணம் பிறக்கவே வழியில்லை. கடன் வாங்கினால்தானே வட்டி?

இதே யோசனையை இன்ஜினீயர்கள் பெரிய அளவில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1979-ல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பல இடங்களில் துறைமுகம் இல்லாத நம் கிழக்குக் கரையில், அலையைத் தாண்டி நேராக மணலில் வந்து ஏறுகிற மோட்டார் படகு வேண்டும் என்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. 1980-களில் அவர்கள் உருவாக்கிய கரையேறும் படகுகளில், டீசல் இன்ஜினும் ஷாஃப்ட்டும் விசிறியும் ஒரே துண்டாகச் சாய்கிற அமைப்பு வைத்தார்கள். ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், தண்ணீர் புகாமல் வளைந்து கொடுக்க துருத்தி மாதிரி ஒரு ரப்பர். கரை நெருங்கும்போது விசிறியைத் தூக்கினால், உள்ளே இன்ஜினும் கூடவே சாயும்.

இலவசம் என்று எதுவும் இல்லை. லாங் டெயிலில் தூக்குவதும் இறக்குவதும் ஓட்டுகிறவர் கை பலத்தில். ஷாஃப்ட் ரொம்பச் செங்குத்தாக இறங்கினால், விசிறியின் தள்ளு சக்தியில் ஒரு பங்கு படகை முன்னால் தள்ளாமல் மேலே தூக்குவதில் வீணாகும். ஷாஃப்ட்டைத் தாங்குகிற புஷ்ஷை மணல் அரைக்கும். இன்ஜினை உள்ளே நிரந்தரமாகப் பொருத்திய பெரிய படகுகளில் வேறு ஒரு பாடம் இருக்கிறது. கரையில் நிற்கும் படகின் உடம்பு வேறு, தண்ணீரில் மிதக்கும் படகின் உடம்பு வேறு. அதனால் இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் நேர் பார்க்கும் கடைசிச் சோதனையைப் படகை மிதக்க விட்டபின்தான் செய்வார்கள். ஜீப்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டுக் கோணம் பார்க்கிறவர், படகைக் கரையில் வைத்து நேர் பார்க்கிற மாதிரிதான்!

சரி, மருந்து என்ன?

ஜீப்பில் இன்ஜினோடு ஆக்ஸிலையும் சேர்த்துச் சாய்க்க முடியாது. ஆகவே கோணத்தோடு குடித்தனம் நடத்தித்தான் ஆக வேண்டும். வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் அளவு. சமதரையில், நாலு சக்கரமும் பாரம் தாங்கி நிற்க, டயரில் சரியான காற்றோடு வண்டியை நிறுத்துங்கள். காந்தம் வைத்த கோணமானி கடைகளில் கிடைக்கிறது. செல்போனில் வருகிற லெவல் கருவி கூட ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிமுனை, ராடு, பினியன் முனை என்று மூன்று இடத்தில் சாய்வைக் குறித்து, மேலே சொன்ன மாதிரி கழித்துப் பாருங்கள்.

2. சாய்வுக் கட்டை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்த ஆப்பு. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்தால் பினியன் மூக்கை ஓரிரு டிகிரி திருப்பலாம். நம் உதாரண ஜீப்பில் மூக்கை 3 டிகிரி கீழே இறக்கினால் 10-க்கு 10 டேலி. அலுமினியத்தை விட எஃகுக் கட்டை நல்லது. அலுமினியம் நாளடைவில் நசுங்கி உடைய வாய்ப்புண்டு. யு போல்ட்டைப் புதுசாகப் போடுங்கள். கொஞ்சம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

3. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது. அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவில் கட்டை கொடுத்து ஓர் அங்குலம் கீழே இறக்கலாம். கோணம் குறையும். ஆனால் வண்டியின் வயிறும் ஓர் அங்குலம் தரையை நெருங்கும். எதற்காகத் தூக்கினோமோ அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்!

4. ராடு நீளம். தூக்கியதும் ஸ்லிப் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இன்னும் வெளியே வரும். பல் பிடிப்பு குறைந்தால் ஆட்டம், மொத்தமாகக் கழன்றால் ஆபத்து. தேவையானால் ராடை நீட்டிச் செய்யுங்கள். வெல்டிங் வைத்தபின் மெஷினில் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

5. இரட்டை கிராஸ். 4 அங்குலத்துக்கு மேல் தூக்கிய குட்டை ஜீப்புக்கு இதுதான் முழு மருந்து. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் போட்டு, பினியன் மூக்கை அதைப் பார்த்துத் திருப்பலாம். முழுக்க நேராக வைக்காமல் ஒரு டிகிரி கீழே விடுவார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மூக்கு தானே கொஞ்சம் மேலே எழும். மூக்கு ரொம்ப மேலே போனால் ஆக்ஸிலில் உள்ள ஆயில் பின்னால் ஓடி, முன்னால் இருக்கிற பினியன் பேரிங் தாகத்தில் தவிக்கும். ஆயில் அளவைக் கவனிக்க வேண்டும்.

6. முன்பக்கம். இங்கே மாமியார் மருமகள் பிரச்னை! பட்டை போட்ட ஜீப்பில் பினியனும், ஸ்டியரிங்கை நேராக நிறுத்தும் கேஸ்டர் கோணமும் ஒரே ஆக்ஸிலில். பினியன் மூக்கை மேலே திருப்பினால் கேஸ்டர் குறையும், ரோட்டில் வண்டி அலையும். ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. ஸ்டியரிங்குக்கு முதல் மரியாதை கொடுப்பதே உயிருக்கு நல்லது. 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். அங்கே கோணம் ஏறுவது சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளில். அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

நடுக்கத்தோடு ஓட்டினால் என்ன, பழகிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோணம் தப்பிய கிராஸ் ஒரு நாள் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்'. தொப்பியைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருத்தூள் தெரியும். பினியன் ஆயில் சீல் ஒழுகும். அதற்கும் அசராமல் ஓட்டினால் கிராஸ் உடைந்து ராடு தொங்கும். பின்முனை விழுந்தால் தரையில் இழுபடும், பக்கத்தில் உள்ள பிரேக் பைப்பை அடித்து நொறுக்கலாம். முன்முனை விழுந்து ரோட்டில் குத்தினால், கம்பு ஊன்றித் தாண்டுகிற விளையாட்டு வீரர் மாதிரி வண்டியே எகிறலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய வில்லிஸ் வம்ச ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ராடு புறப்படுகிற இடத்தில் இருக்கிறது. அது ராடைப் பிடித்துத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. ராடு அறுந்துவிட்டால் ஹேண்ட் பிரேக் காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பாலத்துச் சரிவில், பின்னால் ஜனங்கள் நடந்துகொண்டிருக்கும்போது ஜீப்பை நிறுத்துகிறவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உப்பும் ஒரு வில்லன். ஏரித் தண்ணீரும் கடல் மணலும் பட்ட கிராஸில் ஊசி பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். நண்டும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு குப்பத்திலிருந்து பொன்னேரிப் பக்கம் ஓடும் குட்டி வண்டிகளுக்கும் இதே கிராஸ்தான். அவை வழியில் நின்றுபோனால் ஐஸ் உருகும், சரக்கு கெடும், ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும். நம் ஜீப் நின்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போகும். மருந்து இரண்டு பேருக்கும் ஒன்று. திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, கிராஸில் பழைய கிரீஸ் நாலு தொப்பி வழியாகவும் பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிப்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. நாலு அங்குலம் தூக்கிவிட்டு விபத்தில் மாட்டினால், இன்ஷூரன்ஸ்காரர் உங்களை விட உயரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்!

கடைசியாக ஒரு ரகசியம். பழவேற்காட்டு மணலுக்காகத்தான் தூக்குகிறேன் என்று சொல்கிறவர்கள், முதலில் டயர் காற்றை 30-லிருந்து 18-க்கு இறக்கிப் பார்க்கட்டும். டயர் அகலமாகப் பரந்து மணலில் மிதக்கும். அநேகம் பேருக்கு அதுவே போதும். செலவு பூஜ்யம். தார் ரோடு வந்ததும் மறக்காமல் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மணல் என்றால் வலை காயும் இடமும் இல்லை, ஆமை முட்டையிடும் இடமும் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து முட்டையிடும். ஏரியின் நம் பக்கம் 1980-லேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. தண்ணீரோரம் ஜீப்பைப் பாய்ச்சி எடுக்கிற போட்டோவுக்கு வேறு இடம் பாருங்கள்.

அதற்கப்புறமும் தூக்கித்தான் தீருவேன் என்றால், தூக்குங்கள். ஆனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், அந்த மூன்று சாய்வையும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாத கணக்கை ஆடிட்டர் தொட மாட்டார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான்!